அச்சின் நடுவே ஒரு துளை: மரக்கடைசலின் வரலாறும் ஆயக்குடிப் பட்டறையில் எழுந்த வினாவும்

ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. மதீனாவின் பள்ளிவாசலுக்கு மிம்பர் தேவைப்பட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்ஸாரிப் பெண்மணி ஒருவரிடம் சொல்லியனுப்பி, அவரிடமிருந்த தச்சரைக் கொண்டு காட்டு மரத்தில் அதனைச் செய்வித்தார்கள் என்ற செய்தியைப் புகாரியில் காண்கிறோம். மரத்தொழிலுக்கு நம் மரபில் இத்துணை உயர்ந்த இடம் இருந்தும், நாம் எழுதும் வரலாறுகளில் ஆலிம்களும் புலவர்களும் வணிகர்களும் வள்ளல்களும் இடம்பெறும் அளவிற்குக் கைவினைஞர்கள் இடம்பெறுவதில்லை. அவர்களது கருவிகளோ அறவே இடம்பெறுவதில்லை.

இக்குறை முன்னோரிடம் இருந்ததில்லை. ஹிஜ்ரி 779-இல் (கி.பி. 1377) எழுதி முடித்த முகத்திமாவில் இப்னு கல்தூன் தச்சுக்கலைக்கெனத் தனி இயலே ஒதுக்கினார். மரத்தைக் கடைந்து உருட்டி, அவ்வுருளைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, முழுவதும் ஒரே மரம் போலத் தோன்றச் செய்யும் திறத்தை அவர் அங்கே வியந்து பேசுகிறார். தச்சனுக்கு வடிவக்கணித அறிவு இன்றியமையாதது என்று வற்புறுத்தும் அவர், யூக்ளிட் முதலான கிரேக்கக் கணித மேதையர் தச்சராக விளங்கினர் என்று சொல்லப்படுவதையும் எடுத்துக்காட்டுகிறார். கடைசலைக் கணிதத்தின் உடன்பிறப்பாகக் கண்ட பார்வை அது.

அப்பார்வையை மீட்டுப் பார்க்க நம்மைத் தூண்டியது ஓர் எளிய வினா. பழனிக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில், கொய்யாத் தோப்புகளால் பெயர்பெற்ற ஆயக்குடியில், தச்சுத்தொழில் செய்யும் இளைஞர் ஒருவருடன் உரையாடிக்கொண்டிருந்தோம். கட்டில் கால், பூரிக்கட்டை, மத்து, உளிப்பிடி ஆகியன கடைந்து வந்த அவர், புதிய கடைசல் இயந்திரம் வாங்க எண்ணியிருந்தார். அவர் பார்த்த இரு இயந்திரங்களுள் ஒன்றில் டெயில்ஸ்டாக் என்னும் பின்தலையின் நடுவே முழுநீளத்திற்கும் துளை இருந்தது, மற்றதில் இல்லை. துளை உள்ளது விலை கூடுதல். “ஒன்றுமில்லாத ஓட்டைக்கு ஏன் கூடுதல் பணம் தரவேண்டும்?” என்று அவர் கேட்டார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. தேடிச் சென்றபோது, அந்த ஓட்டைக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு இருப்பது புலனாயிற்று.

கடைதல் என்னும் சொல்

தமிழில் தயிரைக் கடைவதும் மரத்தைக் கடைவதும் ஒரே வினைச்சொல்லால் குறிக்கப்படுகின்றன. இது தற்செயலன்று. மத்தில் கயிற்றைச் சுற்றி இருபுறமும் மாறிமாறி இழுக்கும் அதே இயக்கம்தான் பழைய கடைசல் கருவியின் இயக்கமும். மரத்துண்டை இரு கூர்முனைகளுக்கு இடையே நிறுத்தி, அதன்மேல் வாரையோ வில்லின் நாணையோ சுற்றி ஒருவர் இழுக்க, மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். அது முன்னோக்கிச் சுழலும்போது மட்டும் உளி பதியும்.

இக்கருவியைக் காட்டும் மிகப் பழைய ஓவியச் சான்று எகிப்தில், கி.மு. 300 அளவில் கட்டப்பெற்ற பெட்டோசிரிஸ் என்பாரின் கல்லறைச் சுவரில் உள்ளது. ஒருவர் வாரை இழுக்க, மற்றவர் உளி பிடிக்கிறார். அதே எகிப்தில், இஸ்லாமிய ஆட்சிக் காலத்தில் இக்கலை உச்சம் தொட்டது. கெய்ரோ நகர வீடுகளின் மேல்மாடச் சாளரங்களை மறைக்கும் மஷ்ரபிய்யா என்னும் மரப்பின்னல், கடைந்தெடுத்த எண்ணற்ற சிறு உருளைகளைக் கோத்து அமைத்ததாகும். வெயிலைத் தடுத்துக் காற்றை விடுவதும், உள்ளிருப்போரின் மறைவைக் காத்து வெளியே காண வகைசெய்வதும் அதன் பயன்கள். தரையில் அமர்ந்து, ஒரு கையால் வில்லை இழுத்து, மறு கையாலும் காலாலும் உளியை நிறுத்திக் கடையும் கெய்ரோத் தொழிலாளியை, நெப்போலியனின் படையெடுப்போடு வந்த அறிஞர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட எகிப்து விவரண நூலில் படமாகவே வரைந்து வைத்தனர்.

அரபியில் கடைசற்காரருக்கு ‘கர்ராத்’ என்று பெயர். அச்சொல்லே பாரசீக வழியாக உருதுவிலும் இந்தியிலும் ‘கராத்’ என நுழைந்து, கடைசல் கருவிக்குப் பெயராயிற்று. வடபுலத்தார் அரபுச் சொல்லைக் கைக்கொள்ள, தமிழர் தம் மத்திலிருந்து பிறந்த சொல்லையே வைத்துக்கொண்டனர். கருவி இருபுறமும் ஒன்றே.

துளையிடுவதில் உள்ள சிக்கல்

இரு முனைகளுக்கு இடையே மரத்தை நிறுத்திக் கடையும் இம்முறையில் ஒரு குறை உண்டு. மரத்தின் வெளிப்புறத்தை எவ்வளவு வேண்டுமானாலும் செதுக்கலாம். அதன் நடுவே நீளவாக்கில் துளையிட முடியாது. துளை தொடங்க வேண்டிய இடத்தில்தான் மரத்தைத் தாங்கும் கூர்முனை நிற்கிறது. முனையை அகற்றினால் மரம் விழும். அகற்றாவிட்டால் துளை இல்லை.

மரத்தைக் கடைசலிலிருந்து எடுத்து, தமர் கொண்டு கையால் துளைக்கலாமே எனில், குட்டையான பொருளுக்கு அது போதும். ஒரு முழத்துக்கு மேல் நீண்ட துளைக்கு அது உதவாது. சுழலும் தமர் மரத்தின் இழைவாக்கையும் கணுவையும் பின்பற்றிச் சிறிது சிறிதாக விலகி, இறுதியில் பக்கவாட்டில் வெளிப்பட்டுவிடும்.

இதற்குக் கண்ட தீர்வு, இயக்கத்தைத் தலைகீழாக மாற்றுவதாகும். தமரை நிறுத்திவைத்து மரத்தைச் சுழலவிட வேண்டும். அப்போது தமரின் நுனி நடு அச்சிலிருந்து சற்றே விலகினாலும், சுழலும் மரம் அந்நுனியை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நெருக்கி, மீண்டும் நடுவுக்கே தள்ளிவிடுகிறது. குழலிசைக் கருவி செய்த ஐரோப்பியக் கடைசற்காரர் இதனை நன்கு அறிந்திருந்தனர். மரத்தின் ஒரு முனையைக் கூம்பு வடிவத் துளையுள்ள வளையம் ஒன்றில் தாங்கவைத்து, அத்துளை வழியே நீண்ட தமரைச் செலுத்தினர். முனை இருந்த இடத்தில் வளையம் வந்தது. தாங்குவதும் வழிவிடுவதும் ஒரே உறுப்பின் பணியாயின. இன்றைய துளையுள்ள பின்தலை இவ்வளையத்தின் வழித்தோன்றலே.

இதே கொள்கை மரத்தைவிட்டு உலோகத்துக்குச் சென்றபோது உலக வரலாறு திரும்பியது. பீரங்கியைக் குழலாகவே வார்க்கும் வழக்கம் மாறி, கட்டியாக வார்த்துப் பின்னர் துளைக்கும் முறை 18-ஆம் நூற்றாண்டில் பரவிற்று. பீரங்கியைச் சுழலவிட்டுத் துளைக்கும் முறைக்கு 1774-இல் ஆங்கிலேயர் ஜான் வில்கின்சன் காப்புரிமை பெற்றார். அவருடைய துளையிடும் திறனே ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்துக்குச் செம்மையான உருளையை அளித்தது.

திண்டுக்கல்லும் ஸ்ரீரங்கப்பட்டணமும்

இந்த உலகக் கதை நம் திண்டுக்கல் சீமையையும் தொட்டுச் செல்கிறது. ஆயக்குடி அக்காலத்தில் திண்டுக்கல் சீமையைச் சேர்ந்த பாளையங்களுள் ஒன்று. 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் ஃபவ்ஜ்தாராக மைசூர் அரசால் நியமிக்கப்பெற்றார். பழனி மலையடிவாரப் பாளையங்களை அடக்குவது அவருக்கு இடப்பட்ட பணி. ஆயினும் அங்கே அவர் செய்த நிலையான செயல் வேறு. திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கப்பட்டணம், புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்து தேர்ந்த தொழிலாளரை வரவழைத்து, பிரெஞ்சு ஆசான்களின் மேற்பார்வையில் முறையான பீரங்கிப் படையையும் ஆயுதச்சாலையையும் திண்டுக்கல்லில் அமைக்கத் தொடங்கினார் என்று கும்பினி அதிகாரி மார்க் வில்க்ஸ் தம் மைசூர் வரலாற்றில் (முதல் தொகுதி, 1810) எழுதுகிறார். ஹைதர் பின்னாளில் மைசூரின் அதிபராக உயர்ந்தமைக்கு அடித்தளம் திண்டுக்கல்லில் இடப்பட்டது என்பதை வரலாற்றாசிரியர் பலரும் ஒப்புவர். அவ்வடித்தளத்தில் வாளுக்கு நிகராக உளிக்கும் உலைக்கும் பங்குண்டு என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

அவர் மைந்தர் திப்பு சுல்தான் காலத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பீரங்கி துளைக்கும் எந்திரம் இயங்கியது. திப்பு ஷஹீதான ஓராண்டுக்குப் பின், 1800-இல், அப்பகுதியில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இதனைக் குறித்திருக்கிறார். பிரெஞ்சுக் கலைஞர் ஒருவர் நீர்ச்சக்கரத்தால் இயங்குமாறு அதனை அமைத்தார் என்றும், அதன் அருமை அறியாத சுல்தான் நீர்ச்சக்கரத்தை அகற்றிவிட்டு மாடுகளைப் பூட்டச் செய்தார் என்றும் 1807-இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார்.

புக்கானன் கும்பினியின் ஊழியர். வீழ்ந்த பகைவரைப் பற்றி எழுதுகிறவர். அவரது முடிவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. காவிரி வெள்ளத்தில் பெருகுவதும் கோடையில் இளைப்பதும் அனைவரும் அறிந்தது. துளையிடும் வேலைக்கு வேகத்தைவிடச் சீரான சுழற்சியே முதன்மை என்பதைக் கடைசல் அறிந்த எவரும் சொல்வர். மாடுகளின் நடை மெதுவானது; ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே சீரானது. இது நம் ஊகமே எனினும், கருவியை அறியாதவர் எழுதிய வரலாற்றில் அறியாமை யார் தலையில் சுமத்தப்படுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கும்பினியின் கைக்குப் போயிற்று. ஆயக்குடியும் அதனுடன் போயிற்று. ஆனால் மைசூர்ப் பக்கத்தில் கடைசற்கலை தழைத்தது. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடைப்பட்ட சன்னபட்டணத்தில், வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வுச் சூட்டில் உருகும் அரக்கால் வண்ணமேற்றி, தாழை இனச் செடியின் ஓலையால் மெருகிடும் கலை இன்றும் வாழ்கிறது. பாரசீகக் கலைஞரைத் திப்பு வரவழைத்து இதனைத் தொடங்கிவைத்தார் என்பது செவிவழி மரபு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவாஸ் மியான் என்பவர் இத்தொழிலுக்குப் புதுநெறி காட்டினார். முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு இது வாழ்வாதாரமாயிற்று.

துளையால் பிறந்த நாதம்

தமிழ்நாட்டில் நீளத்துளையின் அருமையை அறிய விரும்புவோர், கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலுள்ள நரசிங்கன்பேட்டைக்குச் செல்ல வேண்டும். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நாகசுவரம் அங்கே செய்யப்படுகிறது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், ஆண்டுகள் பலவாக உலர்ந்து முறுகிய ஆச்சா மரமே அதற்கு ஏற்றது. பச்சை மரம் துளையிட்ட பின் சுருங்கி வளையும். வளைந்த குழலில் சுருதி நிற்காது. அம்மரத்தைக் கடைந்து, நடுவே துளைத்து, மேலிருந்து கீழாக விரியும் கூம்பாக அத்துளையைப் படிப்படியாக அகலப்படுத்துகின்றனர். வெளியே தெரியும் அழகு கடைசலினுடையது; காதில் விழும் நாதம் துளையினுடையது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வேண்டியபடி சுருதி தாழ்ந்த நீண்ட பாரி நாகசுவரத்தை உருவாக்கியவர் அவ்வூர் ரங்கநாதன் ஆசாரி. குழல் நீளும்தோறும் துளை நேராகச் செல்வது கடினம் என்பதை எண்ணினால் அவர் கைத்திறம் விளங்கும்.

ஆசாரியின் கையில் பிறந்த குழலுக்கு உயிர் தந்தவருள் ஷேக் சின்ன மௌலானா சாஹிப் (1924–1999) முதல் வரிசையில் நிற்பவர். ஆந்திரத்தின் கரவடியில் பிறந்து, நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் தஞ்சைப் பாணி பயின்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். ஆசாரி துளைத்த குழலை முஸ்லிம் வித்துவான் ஊதினார், ஸ்ரீரங்கம் கேட்டது. இந்நாட்டின் சமய நல்லிணக்கத்தைப் பற்றி மேடைகளில் நாம் பேசுவன எல்லாம் அந்த ஒரு குழலுக்குள் அடங்கியிருக்கின்றன.

இளைஞரின் வினாவுக்கு விடை

இப்போது ஆயக்குடி இளைஞரின் வினாவுக்கு வருவோம்.

இன்றைய கடைசல் இயந்திரத்தில் முன்தலை மரத்தைச் சுழற்றுகிறது. பின்தலை மறுமுனையைத் தாங்குகிறது. பின்தலைக்குள் கைச்சக்கரத்தால் முன்னும் பின்னும் நகரும் உருளைத் தண்டு ஒன்று உண்டு. அதனை நகர்த்தும் மரையாணி பின்புறத்தில் உள்ளது. மரையாணி கட்டியாக இருந்தால் பின்னாலிருந்து எதனையும் உள்ளே செலுத்த இயலாது. மரையாணியும் தண்டும் இரண்டுமே குழலாக இருந்தால்தான் அது துளையுள்ள பின்தலை. முன்புறம் திறந்து பின்புறம் அடைபட்ட தண்டைக் காட்டி ‘துளை உள்ளது’ என்று விற்போர் உண்டு; பின்னாலிருந்து ஒரு கம்பியை விட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

இத்துளையின் பயன்களுள் தலையாயது நீண்ட துளையிடல். நடு ஊசியைக் கழற்றக்கூடிய வளையமுனையைப் பொருத்தி, பின்தலை வழியே நீண்ட தமரைச் செலுத்தலாம். மின்விளக்குத் தண்டுக்கு வழக்கமான தமர் 8 மில்லிமீட்டர் தடிமன். ஆகவே பின்தலைத் துளை அதைவிடச் சற்றே பெரிதாக, 9 அல்லது 10 மில்லிமீட்டர் இருத்தல் நலம். இயந்திரத்தை மெதுவாகச் சுழலவிட்டு, விரற்கடை அளவு சென்றதும் தமரை வெளியே இழுத்துத் துருவலை உதற வேண்டும். உதறாவிட்டால் துருவல் அடைத்து, மரம் கருகி, தமர் விலகும். பாதி நீளம் துளைத்தபின் மரத்தைத் திருப்பி மறுமுனையிலிருந்து துளைத்தால், நேர்ந்த சிறு விலகலும் இரு பாதிகளுக்கும் பகிர்ந்துபோய், துளைகள் நடுவில் சந்திக்கும். விளக்குத் தண்டு, குழல் வகைகள், ஹுக்காத் தண்டு, உள்ளே இரும்புக் கம்பி செருகி உறுதியாக்கும் கைத்தடி, பள்ளிவாசல்களில் கத்தீபு ஊன்றி நிற்கும் அஸா ஆகிய அனைத்துக்கும் இவ்வழி உதவும். நாகசுவரத்துக்கு இது முதற்படி மட்டுமே. கூம்பாக விரிக்கும் வேலை பின்னர் தனியே உண்டு.

மற்ற பயன்கள் சிறியன. பின்தலைத் தண்டின் சரிவுக்குழியில் இறுகிவிட்ட முனையைப் பின்னாலிருந்து கம்பியால் தட்டி எடுக்கலாம். அங்கே பொருத்தும் கருவி அதிர்வில் நழுவாதிருக்க, நீண்ட மரையாணியை ஊடே விட்டுப் பின்னிருந்து இறுக்கலாம்.

ஆனால் துளை ஒன்றையே பார்த்து இயந்திரம் வாங்குவதும் தவறு. முன்தலை முனையும் பின்தலை முனையும் ஒன்றையொன்று தொடும்படி நெருக்கினால் இரு கூர்களும் மயிரிழையும் பிசகாமல் சந்திக்க வேண்டும். தண்டை முழுதும் நீட்டிய பின்னும் அவ்வாறே சந்திக்க வேண்டும். சந்திக்காத இயந்திரத்தில் துளையுள்ள பின்தலை இருந்தும் பயனில்லை. அடுத்து, இரு தலைகளுக்கும் இடையிலுள்ள நீளம், செய்ய எண்ணும் பொருளைவிடக் கூடுதலாக இருத்தல் வேண்டும். அதிர்வைத் தாங்கும் கனத்த வார்ப்பிரும்புப் படுகையும், வேகத்தை வெகுவாகக் குறைக்கும் வசதியும் அதன்பின் வருவன. வாழ்நாள் முழுவதும் கட்டில் காலும் பம்பரமும் மட்டுமே கடையப் போகிறவருக்குத் துளை தேவையில்லை. அப்பணத்தைப் படுகையின் கனத்தில் செலவிடுவதே அறிவு.

ஆகவே அந்த இளைஞர் விடை காண வேண்டிய வினா, இயந்திரத்தைப் பற்றியதைவிடத் தம் தொழிலைப் பற்றியது. நாளை எதனைச் செய்ய விரும்புகிறார் என்பதே அது. கட்டில் காலை ஆலைகள் மலிவாகச் செய்து குவிக்கின்றன. அதில் அவருக்குக் கிடைக்கும் கூலி குறைந்துகொண்டே போகும். நீண்ட துளையிட்ட பொருளுக்கோ இன்னும் கைத்திறம் தேவைப்படுகிறது. ஆயக்குடியில் வயது முதிர்ந்து வெட்டப்படும் கொய்யா மரங்கள் விறகாகின்றன. உண்டிவில்லுக்குச் சிறுவர் தேடும் அந்த இறுகிய, நெருங்கிய இழை கொண்ட மரம், நன்கு உலர்த்தினால் கடைசலுக்கும் ஏற்றது. விறகை விளக்குத் தண்டாக்குவதற்கு இடையே நிற்பது அந்த ‘ஒன்றுமில்லாத ஓட்டை’தான்.

இவ்வாறு நாம் கூறியதும் அவர் சிறிது நேரம் எண்ணமிட்டு, “கம்பி விட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறேன்” என்றார். அவருக்கு அது போதும். நமக்கு இன்னொரு கடமை எஞ்சியிருக்கிறது. நம் ஊர்களில் கடைசல் பட்டறை வைத்திருந்த முதியோர் எவ்வெம்மரத்தை எப்படி உலர்த்தினர், எந்தத் தமரை எவ்வாறு தீட்டினர் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதிவைக்க வேண்டும். 1755-இல் திண்டுக்கல்லுக்கு அழைத்துவரப்பட்ட தொழிலாளருள் ஒருவரின் பெயரையும் வில்க்ஸ் நமக்குத் தரவில்லை. ஆசான்கள் பிரெஞ்சுக்காரர் என்று மட்டும் எழுதினார். நம் காலத்துக் கைவினைஞருக்கும் அந்நிலை நேருமாயின், குற்றத்தை வில்க்ஸின் மேல் சுமத்த முடியாது.